வாசலில் வாளிகள்

மோட்டார் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக, ஜெனோவா தொலைக்காட்சியில் ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சியை அலறவிட்டிருந்தாள். அதில் ஒரு பெண்மணி கத்தரிக்காய்க்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம், ஆறு வருடமாக மூடிக் கிடந்த கண்ணாடித் தொட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் நீலப் பீப்பாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தை மறைத்துவிடலாம். வாசனையை என்ன செய்வது? ஈரமும் பாசியும் கலந்த அந்த வாசனை ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவுக்கு நழுவிக்கொண்டிருந்தது. தூத்துக்குடிக் கடலே இப்போதெல்லாம் அப்படி மணப்பதில்லை.

"நாலு மீனு இருக்கிற தொட்டிய மாத்துறதுக்கு இவ்வளவு ரகசியமா மைனி? தங்கம் கடத்துறவன்கூட ரேடியோவைக் குறைச்சு வச்சுக்கிட்டுதான் கடத்துறான்" என்றான் கிளாடியஸ். அவள் கணவனின் தம்பி. கப்பலில் வேலை, மூன்று வருடம் கழித்து விடுமுறைக்கு வந்த இடத்தில் சிக்கிக்கொண்டான்.

"நாலு இல்ல, ரெண்டு. கையை அலம்பிட்டீங்களா? சோப்பு போடலைல்ல?"

"போடல. சத்தியமா போடல. இதுக்குள்ளயா அண்ணன் ரத்தம் ஓடுது?"

"ரத்தம் ஓடாது. நடுவுல சவ்வு இருக்கு. ரத்தத்துல உள்ள அழுக்கு மட்டும் இந்தப் பக்கம் கசியும்."

"அதை மீன் திங்குதாக்கும்."

"மீன் எங்க திங்குது? கல்லு திங்குது." ஜெனோவா தொட்டிக்குள் காட்டினாள். ஊதாவும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்த கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு வளைவு போல நின்றன. "இந்தக் கல்லுல உள்ள ஓட்டைக்குள்ள எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உசுரு. உங்க அண்ணன் உடம்புக் கழிவுதான் அதுக்குச் சாப்பாடு. அது சாப்பிட்டாத்தான் அவுக பிழைப்பாக. மீனு ரெண்டும் சும்மா காவலுக்கு. தண்ணி கெட்டா முதல்ல அது மேல வந்து வாயைப் பிளக்கும்."

"அப்போ அண்ணனுக்குக் கிட்னி இதுதான்."

"அதான். கிட்னியைத்தான் வேன்ல ஏத்தப் போறோம். பாத்துத் தூக்குங்க."

கிளாடியஸ் கையை இன்னொரு முறை வெறுந்தண்ணீரில் அலம்பிக்கொண்டான்.

முன்பு ஆஸ்பத்திரிகளில் இதற்கு இயந்திரம் இருந்தது. ஒரு ஆளுக்கு ஒரு தடவை ரத்தம் சுத்தம் செய்ய, நூற்றுக்கணக்கான லிட்டர் நல்ல தண்ணீரை அது விழுங்கும். குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் அந்த இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அப்போதுதான் தொட்டிகள் வந்தன. உப்புத் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். சிக்கல் கல்லில் இருந்தது. வெறுங்கல்லைத் தொட்டியில் போட்டு, அது பழுத்து ஒரு மனிதனின் கழிவைத் தாங்கும் நிலைக்கு வர ஒரு வருடம் ஆகும். அந்த ஒரு வருடம் நோயாளிக்குக் கிடையாது. பழுத்த தொட்டியிலிருந்து ஒரு கல் எடுத்து வைத்தால், புதுத் தொட்டி சில நாளில் பிடித்துக்கொள்ளும். ஆனால் கொடுத்தவன் தொட்டி பலவீனப்படும். அதனால் ஆஸ்பத்திரி எல்லாத் தொட்டிக்கும் முத்திரை வைத்தது. பட்டியல் போட்டுத் தன் சேமிப்பிலிருந்து கல் கொடுத்தது. தொட்டி இடம் மாறும் நாளில் மட்டும் முத்திரையை உடைக்கலாம். ஒரு வாரத்தில் ஆள் வந்து மறுபடி வைப்பார். வழியில் ஒரு கல் உடைந்துபோனது என்றால், அவர் அதிகம் கேட்கமாட்டார்.

அதனால்தான் வாளிகள் வந்தன. யாராவது தொட்டியோடு வீடு மாறுகிறார்கள் என்று வாடை பட்டால் போதும், பட்டியலில் கிடப்பவர்கள் உப்புத் தண்ணீர் வாளியோடு வாசலில் வந்து நிற்பார்கள். வாயைத் திறந்து கேட்கக் கூடாது. கேட்டு வாங்கிய கல் செத்துப்போகும் என்று ஒரு நம்பிக்கை. வீட்டுக்காரர்களும் இல்லை என்று சொல்லக் கூடாது. மனமிருந்தால் ஏதாவது ஒரு வாளியில் ஒரு கல்லை இறக்கலாம்; இல்லாவிட்டால் பீப்பாய் மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு போகலாம். வண்டியின் பின்னால் யாரும் வரமாட்டார்கள். இந்தப் பார்வைகளுக்குப் பயந்து, கல்யாணத்துக்குப் போவதுபோலப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வீடு மாறியவர்கள் உண்டு.

ஜெனோவா பட்டு எதுவும் கட்டவில்லை. அவளுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. வீட்டுக்காரர் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு மாதம்தான் கொடுத்திருந்தார். "கடல் தண்ணி அடியில ஊறி வருது தாயி. சுவரு ஈரம் குடிச்சுட்டு. இந்தத் தொட்டி பாரத்துக்கு ஒரு நாள் தரையே உள்வாங்கிரும். அப்புறம் என்னையச் சொல்லாத" என்றார். ஆஸ்பத்திரியின் தொட்டி மாற்றும் குழுவுக்கு எழுதிப் போட்டால் ஆறு மாதம் கழித்து நாள் கொடுத்தார்கள். வாகைக்குளத்தில் ஒரு வீடு கிடைத்தது. தானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள். இந்த ஆறு வருடத்தில் அவள் ஒரு இரவுகூட ஊரை விட்டு வெளியே தங்கியதில்லை. தங்கை கல்யாணத்துக்குக்கூடக் காலையில் போய் மாலையில் திரும்பியவள். தொட்டியின் ஒவ்வொரு கல்லும் அவளுக்குத் தெரியும். பெயர்கூட வைத்திருந்தாள். ஆமை, கொம்பன், ரொட்டி.

கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, பீப்பாயில் இருந்த பழைய தண்ணீருக்குள்ளேயே முக்கி வைத்தாள். கல்லின் மேல் வெளிக்காற்று படும் நேரம் ஒரு மூச்சுக்கு மேல் போகக் கூடாது. பேட்டரி பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து பட்டினி போட்டிருந்த கோமாளி மீன்கள் இரண்டும் தாழ்ந்துபோன தண்ணீரில் மூலைக்கு மூலை ஓடின. அவற்றைப் பிடித்து மூடி போட்ட சிறிய வாளியில் விட்டாள்.

"மண்ணு?" என்று கேட்டுக்கொண்டே கிளாடியஸ் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். அடியிலிருந்து கருப்பாக ஒரு படலம் கிளம்பியது. அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

"விடுங்க! அதை விடுங்கன்னா!"

"ஐயோ, என்ன கருமம் இது?"

"ஆறு வருஷ விஷம். அசையாம கிடக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்யாது. கலக்குனா எல்லாத்தையும் கொன்னுரும். மண்ணை அப்படியே விட்டுட்டுப் போகணும். புது வீட்டுல புது மண்ணு கழுவி வச்சிருக்கேன்."

"தண்ணியையாச்சும் முழுசா எடுப்போம்ல? அதுலதான உசுரு?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. தண்ணியில ஒண்ணுமில்ல. பாதி போதும், மீனும் கல்லும் மிரளாம இருக்க."

அறையின் ஓரத்தில் நாற்காலியில் அவள் கணவன் பர்னபாஸ் உட்கார்ந்திருந்தான். முன்பு துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டியவன். நேற்றும் இன்றும் அவனைத் தொட்டியோடு இணைக்கவில்லை. கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. மூன்று நாள் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளை மாலைக்குள் புது வீட்டில் தண்ணீர் தெளிந்து, சோதனையில் அமோனியா இல்லை என்று வந்தாக வேண்டும். இருந்தால், இணைப்பது விஷத்தை ஏற்றுவது போல. இணைக்காமல் விடுவதும் அதேதான்.

அவன் முழங்கையைச் சொறிந்துகொண்டே ஜன்னலைப் பார்த்தான். "ஜெனோ. வந்துட்டாங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி ஆறேழு பேர். பச்சைச் சேலை கட்டிய ஒரு இளம்பெண், கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெரியவர், நடுவயதுத் தம்பதி ஒன்று, அவர்களுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாளி. யாரும் பேசிக்கொள்ளவில்லை.

"பாக்காதீங்க" என்றாள் ஜெனோவா. "பாத்தா மனசு போகும். நமக்கு இருக்கிறது நமக்கே பத்தாது."

பீப்பாய்களை வேனில் ஏற்றினார்கள். ஈரச்சாக்கைப் போட்டு மூடினாள். கண்ணாடித் தொட்டியைப் போர்வை சுற்றி ஏற்றியபோதுதான் சுவரோரக் கூட்டம் கொஞ்சம் விலகியது. தங்கப்பழம் அண்ணாச்சி நடந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவருக்குச் சொந்தமாக மூன்று உப்பளம். காய்கறிப் பையைக்கூட அவர் கையில் யாரும் பார்த்ததில்லை. இன்று வலது கையில் ஒரு நீல வாளி. தண்ணீர் தளும்பிக் காலை நனைத்தது. முகம் ஊதியிருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை. மற்றவர்களோடு போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

ஜெனோவாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். தொட்டி இருந்த இடத்துச் சுவர் இப்போதுதான் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தது. சுண்ணாம்பு உதிரவில்லை. உப்புப் பூக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்த சுவர், மாவு போல.

தொட்டியைத் திறக்க வேண்டுமென்றால் வீடு மாற வேண்டும். வீடு மாற வேண்டுமென்றால் யாராவது காலி செய்யச் சொல்ல வேண்டும்.

அவள் விறுவிறுவென்று தெருவைக் கடந்துபோய் அவர் முன்னால் நின்றாள். "சுவர்ல ஈரம்னீங்களே அண்ணாச்சி. ஈரம் உங்க வாளியிலதான் இருக்கு."

அவர் பேசவில்லை. வாளியோடு நிற்பவர் பேசக் கூடாது. வாளிப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் இடம் மாறின.

"எங்க அவுகளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? கேட்டிருந்தாக்கூட… கேட்டிருந்தா நான் திட்டிட்டு விட்டிருப்பேன். இப்படி விரட்டி விட்டு வாங்கணுமா? பேசுங்க. இப்ப மட்டும் ஊமையாயிட்டீங்க."

பச்சைச் சேலைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். கிளாடியஸ் ஜெனோவாவின் தோளைத் தொட்டான். "மைனி, வெயில் ஏறுது. பீப்பாய் சூடாயிரும்."

அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் திருப்பியது. வேன் நிழலில் பர்னபாஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "மீன் வாளி உள்ள இருக்கு. நீ எடுத்துட்டுக் கதவைப் பூட்டு. நான் இதைப் பாத்துக்கிடுதேன்" என்றான். கிளாடியஸ் ஓட்டுநரோடு சேர்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

ஜெனோவா உள்ளே போனாள். மீன் வாளியை எடுத்தாள். அடுப்பங்கரை ஜன்னலை மூடினாள். வெறும் வீட்டில் தொலைக்காட்சி இருந்த மேசை மட்டும் நின்றது. வெளியே வந்தபோது சுவரோரம் யாரும் இல்லை. ஈரத் தடங்கள் மட்டும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. திட்டியது நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

வாகைக்குளம் வீட்டில் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. தரை மட்டம் பார்த்து வைத்திருந்தாள். நேற்றே கலந்து வைத்த புதுத் தண்ணீர், பழைய தண்ணீரின் அதே சூட்டில் நின்றது. மண் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, தண்ணீர் மண்ணைக் கிளறாதபடி தட்டின் மேலேயே ஊற்றினாள். பிறகு கற்கள். ரொட்டியைக் கீழே வைத்தாள். கொம்பனைச் சாய்த்தாள். வளைவு மேலே வந்து சேர வேண்டிய இடத்தில் கை அடுத்த கல்லைத் தேடிப் பீப்பாயில் துழாவியது. அடிவரை துழாவியது.

அவள் நிமிர்ந்தாள். "ஆமையைக் காணோம்."

பர்னபாஸ் கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"நான்தான் கொடுத்தேன்" என்றான்.

"யாருக்கு?"

"அண்ணாச்சிக்கு."

ஜெனோவா கையிலிருந்த ஈரத்தைச் சேலையில் துடைத்தாள். "இருக்கிறதுலயே பெருசு. அதையா?"

"சின்னதைக் கொடுத்தா பிடிக்காதுல்ல."

"நம்மளை விரட்டுனவருக்கா? அந்தப் பச்சைச் சேலைக்காரிக்குக் கொடுத்திருந்தாலாச்சும் மனசு ஆறியிருக்கும்."

"அவ பேரு பட்டியல்ல இருக்கும். என்னைக்காச்சும் வரும். இவரு பேரை அடிச்சுட்டாங்களாம், வேன்காரரு கிளாடிகிட்ட சொல்லியிருக்காரு. ஊரெல்லாம் தெரியும் போல, நமக்குத்தான் தெரியல." அவன் காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டான். "ஜெனோ, நீ அவ்வளவு பேசுன. அந்த மனுசன் வாளியைக் கீழ வைக்கல. தண்ணி சிந்திக் காலெல்லாம் நனையுது, வைக்க மாட்டேங்காரு. என்னால பாக்க முடியல."

"என்னால மட்டும் உங்களைப் பாக்க முடியுமா? நாளைக்குச் சாயங்காலம்?"

கிளாடியஸ் சத்தம் காட்டாமல் வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் முதல் சோதனை செய்தாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினாள். மஞ்சள் நின்றால் நல்லது. மஞ்சள் மெல்ல மெல்லப் பச்சைக்கு நகர்ந்தது. இளம் பச்சைதான், ஆனால் பச்சை. மீன்கள் மேல்மட்டத்துக்குப் பக்கத்திலேயே சுற்றின. ஆமை இருந்திருந்தால் இது ராத்திரிக்குள் தின்று தீர்த்திருக்கும். இப்போது ஒரே வழிதான்: காலையில் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், மறுபடியும் பச்சை என்றால் மதியம் இன்னொரு முறை. அதற்காக ஆஸ்பத்திரி உப்பு இரண்டு பாக்கெட் மீதி வைத்திருந்தாள். முத்திரைத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கிற உப்பு, கடையில் கிடைக்காது.

அப்போதுதான் போன் அடித்தது.

"தாயி, நான்தான்."

தங்கப்பழம் அண்ணாச்சியின் குரல். அவள் துண்டிக்கவில்லை.

"வாசல்லதான் பேசக் கூடாது. இப்ப பேசலாம்ல? கல்லைக் கேக்கல. அதைக் கொடுத்துட்டாவ. வேற ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"எனக்கும் ஆஸ்பத்திரியில ஒரு தொட்டி கொடுத்தாங்க, ரெண்டு மாசத்துக்கு முந்தி. ஒரு வாரம் நிக்கல. கல்லு வெளுத்து, நாறி… செத்துப்போச்சு. பராமரிக்கலன்னு பேரை அடிச்சுட்டாங்க. பராமரிக்காம இல்ல தாயி. ராவும் பகலும் அது பக்கத்துலயே கிடந்தேன். அவங்க கொடுத்த பாக்கெட் உப்பைப் பிரிக்கக்கூட இல்ல, வெளிநாட்டு உப்பு, அதை எதுக்கு? நம்ம அளத்துல முதல் வாரல்ல வாருன உப்பு, பாலு மாதிரி வெள்ளை, அதைத்தான் போட்டேன். உலகத்துக்கே உப்பு கொடுக்கிற ஊரு. இதுக்கும் அதையே போடட்டுமா? இல்ல, இன்னும் சுத்தமா ஒண்ணு இருக்கு, கப்பலுக்குப் போறது. அதைப் போடட்டுமா?"

ஜெனோவா சுவரில் சாய்ந்தாள். உப்பளத்தில் உப்பை மட்டும் படியவைத்து வாரிக்கொண்டு, மிச்சமாகும் கசப்புத் தண்ணீரை வெளியே விடுவார்கள். கல் உயிரோடு இருக்கத் தேவையானதில் பாதி அந்தக் கசப்பில்தான் இருக்கிறது. எவ்வளவு வெள்ளை உப்போ, கல்லுக்கு அவ்வளவு பட்டினி. அந்த மனிதர் தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைப் போட்டுத் தன் உயிரைக் கொன்றிருக்கிறார். அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. கேட்கும் அளவுக்கு அவர் யாரிடமும் குனிந்திருக்கவும் மாட்டார்.

இப்போது குனிந்திருந்தார். அவள் எதைச் சொன்னாலும் நம்புவார். 'அந்தக் கல் உங்களுக்கு ஒத்துவராது அண்ணாச்சி, திருப்பி அனுப்பிருங்க.' இவ்வளவு போதும். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆமை இந்த வளைவின் மேலே இருக்கும். பச்சை மஞ்சளாகும். கையில் இருந்த குழாயைப் பார்த்தாள். கட்டிலில் சொறியும் சத்தம் நிற்காமல் கேட்டது.

"அண்ணாச்சி, அந்தக் கல்லு…"

"சொல்லு தாயி."

"அந்தக் கல்லு… இப்ப எங்க வச்சிருக்கீங்க?"

"வாளியிலதான். பத்திரமா இருக்கு. தூசி கீசி விழுந்துரக் கூடாதுன்னு மூடி போட்டு இறுக்கி மூடி வச்சிருக்கேன், மதியத்துலருந்து."

"மூடியா? மூடியைத் திறங்க! முதல்ல அதைத் திறங்க! மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒரு சொம்பை எடுத்துத் தண்ணியை மோந்து மோந்து அதுலயே ஊத்துங்க, உசரத்துலருந்து. நிறுத்தாதீங்க. வீட்டுல வேற யாரு இருக்கா? அவங்களையும் மாத்தி மாத்தி ஊத்தச் சொல்லுங்க!"

மறுமுனையில் போன் கீழே வைக்கப்படும் சத்தம். மூடி கழன்று தரையில் உருண்டது. பிறகு தண்ணீர் விழும் சத்தம், விட்டுவிட்டு, பிறகு சீராக. ஜெனோவா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கத்தியதில் தொண்டை எரிந்தது. சொல்ல நினைத்த பொய் இனி தன் வாயில் வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"யாரு?" என்றான் பர்னபாஸ்.

"வீட்டுக்காரர்."

"என்னவாம்?"

"உப்பு கேக்காரு."

அவர் மூச்சு வாங்க மறுபடி போனுக்கு வந்தார். ஜெனோவா கோபம் குறையாத குரலிலேயே சொன்னாள்: "உங்க உப்பு ஒரு கல்லுகூடப் போடக் கூடாது. கேக்கீங்களா? சமைக்கத்தான் அது. பழைய பாக்கெட் இருக்கா?"

"அதை அவங்களே திருப்பி வாங்கிட்டாங்க தாயி." கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பிறகு, தயங்கித் தயங்கி, "அவுகளுக்கு எப்படி இருக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம்தான் தெரியும்" என்றாள். "உங்களுக்கும் அதுக்குள்ள தெரிஞ்சுரும்."

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தாள். இரண்டு பாக்கெட்டையும் கையில் எடுத்தாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தாள். காலையில் ஒரு தரம் தண்ணீர் மாற்ற அது போதும். மதியத்துக்கு ஒன்றும் இருக்காது. காலையிலேயே மஞ்சளாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அலமாரியை மறுபடி பூட்டியிருப்பாள்.

பாக்கெட்டைக் கிளாடியஸிடம் நீட்டினாள். என்ன விகிதம், எத்தனை சூடு, கல்லின் எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டும் எல்லாம் சொன்னாள். அவன் பாக்கெட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மூணு அளம் வச்சிருக்கிறவருக்கு நான் உப்பு கொண்டு போகணுமா மைனி? வழியில எவனாச்சும் கேட்டா என்ன சொல்ல?"

"யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் ஜெனோவா. "வாளியில வச்சுக் கொண்டு போங்க."